தகரக் கூரை மாரியம்மன்

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் டர்பன் மாரியம்மன் கோயிலின் குடமுழுக்கு முடிந்து ஒரு வருஷம். பால்குடம் இறக்கிய கையோடு, ஈரப் புடவையில் நின்றபடியே கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் என் அண்ணன் குமரவேலுக்கு வீடியோவில் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். அவர் மரவள்ளித் தோட்டத்து மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னால் கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது.

"இதானாம்மா கோயிலு? எம்மாம் ஒசரம்?"

"கூரைக்கு மேல ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும்ணா."

"அவ்ளோதானா? கூரை இன்னா, தகரம் போட்டா மாதிரி இருக்குது?"

"தகரந்தான்."

அண்ணன் சிரித்துவிட்டார். "ஏம்மா, அம்மாம் பெரிய பட்டணத்துல இத்தினி பேரு இருக்கீங்க. ஒரு கருங்கல்லு கோயிலு கட்டக் கூடாதா?"

நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. சொல்லியிருந்தாலும் ஒரு வாக்கியத்தில் முடிகிற பதில் இல்லை. அண்ணனுக்கும், அவரைப் போல நினைக்கிற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2

என் பெயர் மங்கை. கணக்கு டீச்சர். நிறவெறி ஆட்சி முடிந்து புது அரசு வந்த சில வருஷங்களில், கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் கேட்டார்கள். நானும் என் கணவர் பாஸ்கரும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தோம். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

வந்த புதிதில் குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். இல்லை என்றேன். இல்லை என்ற பதிலைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் 'மிஸஸ் கதிர்வேல்'. பிள்ளைகளும் வங்கிக்காரர்களும் பல் டாக்டரும் என் அப்பாவைக் கூப்பிட்டுத்தான் என்னோடு பேசுகிறார்கள். பாஸ்கரையும் பாதிப் பேர் 'மிஸ்டர் கதிர்வேல்' என்கிறார்கள். "கல்யாணம் ஆகி வந்தது நீயா நானா என்றே தெரியவில்லை" என்பார் அவர்.

அதே அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாப் பெண், என் தாள்களை வாங்கிக்கொண்டு 'ஜஸ்ட் நௌ' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதோ வந்துவிடுவாள் என்று நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கதவைப் பூட்ட வந்த காவலாளிதான் பரிதாபப்பட்டு விளக்கினார். இந்த ஊர் ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நௌ' என்றால் இப்போது இல்லையாம். அப்புறம் என்று அர்த்தமாம். எப்போது என்று கேட்கவும் கூடாதாம். எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த ஆங்கிலத்தை அன்று பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

மகள் நிலா இங்கேதான் பிறந்தாள். சட்டம் படிக்கிறாள். சூலு மொழியைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். தமிழில் 'சாப்பிட்டேன்', 'வரேன்', 'சும்மா' என்கிற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எங்களோடு குடும்பம் நடத்துகிறாள். கல்லூரி விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில் 'இந்தியர்' என்று குறித்தபோது, "எனக்கே என்னவோ பொய் சொல்வது போல இருக்கிறது அம்மா" என்றாள். அந்த ஒதுக்கீடு நிறவெறியில் அடிபட்டவர்களுக்கு, நாங்களோ அது முடிந்த பிறகு வந்தவர்கள். ஒதுக்கீட்டு வாக்குவாதத்திலேயே வளர்ந்த ஊரிலிருந்து வந்தவள் நான். "குறித்தது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

3

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்ட தமிழர்களில் ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் நிறைய. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களில் பலர் நகரத்தை ஒட்டி நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். எங்கள் கோயில் அப்படி ஒரு ஆற்றோரச் சரிவில் இருக்கிறது. சுவர் செங்கல். கூரை நெளிதகரம். ஜன்னல்கள் மேலே கூராக முடியும், மாதா கோயில் ஜன்னல் மாதிரி. வேலை செய்த தச்சருக்கு அந்த அச்சுதான் தெரியும். கருவறைக்கு மேலே குட்டையாக ஒரு குவிமாடம். வாசலில் இரண்டு சுதைச் சிங்கங்கள். செய்தவர் சிங்கத்தைச் சர்க்கரைப்பாகு டின்னின் மேல் ஒட்டிய படத்தில்தான் பார்த்திருப்பார் போல. இரண்டுக்கும் நடுவகிடு எடுத்துச் சீவிவிட்டது மாதிரிப் பிடரி.

முதல் நாள் பார்த்தபோது எனக்கும் அண்ணனைப் போலத்தான் சிரிப்பு வந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "இன்னா சிரிப்பு? செருப்ப அங்க வுடு."

ஏழு கடல் தாண்டி யாரோ எங்கள் ஊர்க் கடைத்தெருவிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கவுன் போட்ட ஒரு அம்மாள், கையில் துடைப்பம். ருக்மணி படையாச்சி. இங்கே எல்லாருக்கும் ருக்கு ஆன்ட்டி. துணி ஆலையில் தையல் மிஷின் ஓட்டி ரிடையர் ஆனவர். ஆலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர். முதலாளிகளோடு பேசிப் பேசி, சாமியிடம் பேசும்போதும் பேரம் பேசுகிற தொனியே தங்கிவிட்டது. அவருடைய தமிழ் நாலு தலைமுறைக்கு முன் கப்பல் ஏறிய தமிழ். இந்தியாவை அவர் பார்த்ததில்லை. படையாச்சி என்ற பெயரைக் கேட்டதும் அண்ணன் போனில் துள்ளினார், "நம்ம ஆளுங்களா!" என்று. ஆன்ட்டிக்கு அது வெறும் குடும்பப் பெயர். அதன் பெயரால் ஊரில் யார் எதற்குப் போராடினார்கள் என்று நான் சொன்னபோது, "ஸ்ட்ரைக்கா? எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சரிவில் ஒரு காலத்தில் தெருத்தெருவாகத் தமிழர் வீடுகள். வெள்ளையர் ஆட்சியில், எந்த இனம் எந்தப் பகுதியில் வாழலாம் என்று சட்டம் போட்டுப் பிரித்தபோது, இந்தப் பகுதி இவர்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. லாரி வந்தது. பிறகு புல்டோசர் வந்தது. எல்லாரையும் தூரத்தில் புதிதாகக் கட்டிய சாட்ஸ்வொர்த் என்ற பகுதிக்கு அனுப்பினார்கள். கோயிலை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். ஊரே போன பிறகு, புல் மண்டிய மேட்டில் கோயில் தனியாக நின்றது.

"கல்யாணம் ஆகி ஆறு மாசம். அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருந்தது. பானையோட லாரில ஏத்திட்டாங்க" என்றார் ஆன்ட்டி. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ்ஸு மாறி வந்து வெளக்கு போட்டோம். ஒரு வாரங்கூட வுடல."

இப்போது அந்த மேட்டில் சூலு மக்கள் குடியிருக்கிறார்கள். தகரக் குடிசைகளும் அரசு கட்டிக்கொடுத்த சிறு வீடுகளும் கோயிலைச் சுற்றி நெருங்கிவிட்டன.

4

கோயில் கமிட்டித் தலைவர் சன்னி கோவெண்டர். நம் ஊர்க் கவுண்டர்தான், வெள்ளைக்காரன் வாயில் விழுந்து எழுந்து கோவெண்டர் ஆகியிருக்கிறது, முதலியார் மூட்லி ஆன மாதிரி. பெரிய பிளம்பிங் காண்ட்ராக்டர். தமிழ் தெரியாது. அவர் சொன்னதை எல்லாம் நான் தமிழில் தருகிறேன். ஒருநாள் அவர் தன் அலுவலகத்தில் என்னிடம் வரைபடத்தைக் காட்டினார். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்து, கருங்கல்லில் கோயில், ஐந்து நிலைக் கோபுரம். பழைய கோயில் இருக்கும் அதே இடத்தில்.

"பழசு?"

"இடிக்கிறோம். சுவர் விரிசல், கூரை ஒழுகல். எப்படியும் விழப்போகிறது."

ஒரு சிக்கல் இருந்தது. இந்த நாட்டில் அறுபது வயது தாண்டிய எந்தக் கட்டடத்தை இடிக்கவும் மாகாண மரபுச்சின்ன அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ருக்கு ஆன்ட்டி அங்கே போய் ஆட்சேபம் தெரிவித்துவிட்டார். விசாரணை வைத்திருக்கிறார்கள். சன்னிக்கு என்னிடம் ஒரு உதவி வேண்டும்.

"நீங்கள் அங்கிருந்து வந்தவர். இது உண்மையான கோயில் இல்லை, ஆகமப்படி கட்டியதில்லை என்று நீங்கள் வந்து சொல்ல வேண்டும். ஆன்ட்டி சொல்வதைவிட நீங்கள் சொல்வது எடுபடும்."

அவர் கெட்டவர் இல்லை. வெளியே வரும்போது அவராகவே சொன்னார்: "பள்ளிக்கூடத்தில் எங்களை 'தகரக் கோயில் பசங்க' என்பார்கள். என் பேரப்பிள்ளைகளை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது."

வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். கருங்கல் கோபுரம் என்றதும் உண்மையிலேயே எனக்கும் ஆசை வந்தது.

வீட்டில் நிலாவிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா, அவர்களுடைய கோயில் எதற்காக உன் ஊர்க் கோயிலைப் போல இருக்க வேண்டும்?"

"கோயில் என்றால் அப்படித்தான் இருக்கும்."

"யார் சொன்னது?"

மூன்று தமிழ்ச் சொல் தெரிந்த பெண்ணுக்குக் கோயிலைப் பற்றி என்ன தெரியும் என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் காதர் பாயின் ஞாபகம் வந்தது.

5

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கரியாலூர் பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் மலை ஏறும். ரோட்டோரம் ஒரு சின்னப் பள்ளிவாசல். பத்துப் பதினைந்து முஸ்லிம் குடும்பங்கள் தொழுகிற இடம். மினார் இரண்டும் ஆளுயரம்தான், நெல் கொட்டி வைக்கும் குதிர் மாதிரிக் குண்டாக இருக்கும். கட்டியவர் எங்கள் ஊர்க் கொத்தனார். அவருக்குக் கோயில் தூண்தான் தெரியும். அதனால் பள்ளிவாசல் தூணின் தலையிலும் தாமரை இதழ். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய்தான் அதைப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்துப் பார்த்துக்கொள்வார்.

எண்பத்தேழாம் வருஷம். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றுவிட்டது. மலையிலிருந்து இறங்கிய ஜனங்கள் சாமைமூட்டையைத் தலையில் வைத்து, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி நடந்தே சந்தைக்குப் போனார்கள். நான் காலேஜுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு முன்னால் நின்றவர் அண்ணன்.

பள்ளிவாசலை ஒட்டி நின்ற புளியமரத்தை அறுக்கத் தொடங்கினார்கள். பாதி அறுத்த பிறகுதான் மரம் பள்ளிவாசல் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. காதர் பாய் ஓடிவந்தார். நானும் இன்னும் சில பெண்களும் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குமரவேலு, மரத்த வெட்டாதீங்கன்னு சொல்ல வரலப்பா. உங்க போராட்டம் உங்க நாயம். ஆனா இது பள்ளி மேல வுழுந்தா செவுரு நிக்காதுப்பா. இத கட்டறதுக்கு எங்க அத்தா வண்டி மாட்டையே வித்தாரு."

அதற்குள் ஒருவன் சைக்கிளில் வந்து, கச்சிராயபாளையம் பக்கமிருந்து போலீஸ் வேன் வருகிறது என்றான். கூட இருந்தவர்கள் கத்தினார்கள். "தள்ளிட்டு ஓடுவோம்பா! செவுருதான, அப்பால கட்டிக்குவாங்க!"

அண்ணன் ரம்பத்தைக் கீழே போட்டார். "யாரும் ஓட வேணாம். கரும்பு லாரி கவுறு எடுத்தா. ரோட்டுப் பக்கமா இழுத்துச் சாய்ப்போம்."

"போலீஸு வந்துக்கினு இருக்குதுடா!"

"வரட்டும். நாம கேக்கறது நம்ம உரிமைய. பாய் வூட்டுச் செவுத்த இடிச்சிட்டுப் போயி இன்னா உரிமைன்னு கேக்கறது?"

கயிறு வந்தது. கிளையில் கட்டி இழுத்தார்கள். காதர் பாயும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். மரம் முனகியது, நின்றது, பிறகு ஒரு பெரிய பெருமூச்சோடு ரோட்டின் குறுக்கே விழுந்தது. பள்ளிவாசல் சுவரில் இலைகள் உரசியதோடு சரி. வேன் வந்து நின்றது. கயிற்றை விட்டுவிட்டு ஓட நேரம் இல்லாமல் அண்ணனும் இன்னும் ஆறேழு பேரும் பிடிபட்டார்கள். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கடலூர் ஜெயிலுக்கு அவரைப் பார்க்க அப்பாவோடு கிளம்பிப் போனவர் காதர் பாய்.

அந்த வாரத்தை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே வாரம் வேறு ஊர்களில் தலித் கூலி ஜனங்களின் குடிசைகள் எரிந்தன. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் பொய். என் ஊரில் எரியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டமா, எங்கள் குணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு பி.எட். இடம் கிடைத்தது. நான் டீச்சர் ஆனதும், இங்கே வந்ததும் அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷம் கழித்து, வளைகுடாவுக்குப் போன பாயின் பிள்ளைகள் அந்தப் பள்ளிவாசலை இடித்துவிட்டு, கான்கிரீட்டில் உயரமான மினாரோடு புதிதாகக் கட்டினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நான் ஜெயிலுக்குப் போயி காப்பாத்துனேன், அவங்களே இடிச்சிட்டாங்க. அவங்க பள்ளி, அவங்க இஷ்டம்." அப்புறம், "அந்தத் தாமரப்பூ தூண மட்டுமாவது வுட்டிருக்கலாம்" என்றார்.

6

விசாரணை நாளன்று நிலா என்னைக் காரில் கூட்டிப்போனாள். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி திருமதி ம்கைஸ், சூலுக்காரர். கண்டிப்பான முகம். ஒரு பக்கம் சன்னியும் கமிட்டியும். மறுபக்கம் ருக்கு ஆன்ட்டி ஒருவர் மட்டும், தொப்பி வைத்துக்கொண்டு, சம்பள உயர்வு கேட்க வந்தவர் மாதிரி.

சன்னி வரைபடத்தை விரித்துப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மிஸஸ் கதிர்வேல், நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். இது உண்மையான கோயில்தானா?" என்று கேட்டார் திருமதி ம்கைஸ்.

கோயிலின் பாகங்களைச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். கருவறைக்கு ஆங்கிலச் சொல் சட்டென்று வரவில்லை. அப்படியே பெயர்த்து, "உள்ளே இருப்பது கர்ப்பப்பை அறை" என்று சொல்லிவிட்டேன். சன்னி தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ கனைத்தார்கள்.

திருமதி ம்கைஸ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "ஜன்னல் உண்டா அதற்கு?"

"இல்லை. இருட்டாக இருக்கும். விளக்கு மட்டும்."

"எங்கள் வட்ட வீடுகளில் வாசலுக்கு நேர் எதிரே, பின்பக்கம் ஒரு இடம் உண்டு. உம்சாமோ என்போம். முன்னோர்கள் இருக்கிற இடம். அங்கேயும் இருட்டுத்தான்" என்றார். "மேலே சொல்லுங்கள்."

அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. என் ஊரில் இருந்த பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னேன். தாமரைத் தூணையும், குதிர் போன்ற மினாரையும் சொன்னேன்.

"என் ஊரில் நான் பெரும்பான்மை. சின்னக் கூட்டமாக இருக்கிறவர்களுக்கு ஒரு சுவர் என்றால் என்ன என்று அங்கே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைக் காப்பாற்றிய என் அண்ணன், இது உண்மையான மசூதியா, அரபு நாட்டில் இப்படித்தான் இருக்குமா என்று யாரையும் கேட்கவில்லை. உள்ளே தொழுதவர்களுக்கு அது உண்மை. அது போதும். இங்கே நானும் சின்னக் கூட்டத்தில் ஒருத்தி. இந்தக் கோயில் உண்மையா என்று சொல்ல என்னால் முடியாது. இவர்களுக்குப் பக்கத்தில் நான் நேற்று வந்தவள். ஊரே போன பிறகும் பஸ் மாறி வந்து விளக்குப் போட்டவர்களைக் கேளுங்கள். இடம் போதவில்லை, புதிது வேண்டும் என்று இடித்தால் அது அவர்கள் பாடு. ஆனால் இது போலி என்று சொல்லி இடிக்காதீர்கள். அதைச் சொல்ல என் வாயைக் கடன் கேட்காதீர்கள்."

சன்னி எழுந்தே விட்டார். "நீங்கள் விமானத்தில் வந்தவர்! ஒழுகுகிற கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் நாங்கள்! எங்கள் வறுமையைப் பாதுகாக்கச் சொல்ல நீங்கள் யார்?"

அதில் நியாயம் இருந்தது. பதில் சொன்னது ருக்கு ஆன்ட்டி. ஆங்கிலத்தில், உட்கார்ந்தபடியே.

"சன்னி, இந்த நாட்டில் நம் வீட்டை இடித்தார்கள், பள்ளிக்கூடத்தை இடித்தார்கள், கடையை இடித்தார்கள். வெள்ளைக்காரனே இடிக்காமல் விட்டது இது ஒன்றுதான். இதை நம் கையாலேயே இடிக்கச் சொல்கிறாயா?"

சன்னி மெதுவாக உட்கார்ந்தார். வெளியே வந்ததும் நிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கர்ப்பப்பை அறை" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, "தமிழில் அதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். சொன்னேன். கார் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

7

முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் அதிகாரி மாறிவிடுவார். நான் போன் செய்யும்போதெல்லாம் 'ஜஸ்ட் நௌ' என்பார்கள். நானும் பழகிவிட்டேன். கடைசியில் வந்தது: இடிக்க அனுமதி இல்லை. பழுது பார்க்கலாம். சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான். தகரத்துக்குத் தகரம்.

அதுவரை கோயிலில் சன்னி என் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கல் அன்று நான் கொடுத்த பிரசாதத்தைக்கூட மனைவியை விட்டு வாங்கச் சொன்னார். அனுமதி வந்த பிறகும் வேலை தொடங்கவில்லை. கோயிலைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்ட எங்களுக்கு, ஏணியில் ஏறத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

மழைக்காலம் ஆரம்பித்தபோது, ஒரு சனிக்கிழமை சன்னியின் வண்டி மேட்டில் ஏறி வந்தது. ஏணி, தகரம், நாலு ஆட்கள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"கூரை ஒழுகினால் சாமி நனையும். உங்களுக்காக வரவில்லை."

"தெரியும்" என்றேன்.

அன்று தொடங்கியவர், அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். பிளம்பருக்கு ஒழுகல் என்பது சொந்தப் பகை. சுவரில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று காதை வைத்துக் கேட்பார். விரிசலைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் அம்மனே எழுந்து உட்கார்ந்திருப்பாள். நானும் நிலாவும் வாசல் சிங்கங்களின் பெயிண்டைச் சுரண்டினோம். ஒருநாள் சன்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சிங்கத்தின் முதுகைத் தடவினார். வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"இதில் நான் சவாரி செய்வேன். அப்பா பூசாரியிடம் திட்டு வாங்குவார்." பிறகு சொன்னார்: "கருங்கல் கோயிலில் பிள்ளைகளைச் சிங்கத்தின் மேல் ஏற விடமாட்டார்கள், இல்லையா?"

அவர் என்னிடம் சமாதானம் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது தாராளமாகப் போதும்.

8

குடமுழுக்கு அன்று சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்தது. ஊன்றுகோலோடு, சக்கர நாற்காலியோடு கிழவர்களும் கிழவிகளும். பலர் வீட்டைவிட்டுப் போனபின் மேட்டுக்கு வந்ததே இல்லையாம், மனசு தாங்காது என்று. அக்கம்பக்கத்துச் சூலு ஜனங்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். புதுத் தகரம் வெயிலில் கண்ணைப் பறித்தது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை.

குவிமாடத்துக்குப் பக்கத்தில் சன்னி சாரம் கட்டியிருந்தார். பூசாரி கலசத்தோடு ஏறினார். அவருக்குப் பின்னாலேயே ருக்கு ஆன்ட்டி கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்.

"ஆன்ட்டி, இறங்குங்கள்! விழுந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது!" என்று சன்னி கீழிருந்து அலறினார்.

"ஃபாக்டரில மட்டும் இருந்துச்சா?" என்றார் ஆன்ட்டி தமிழில். நான் மொழிபெயர்ப்பதற்குள் மேலே போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றினார்கள். கீழே கைகள் உயர்ந்தன, குலவை எழுந்தது, மத்தளம் அதிர்ந்தது. பூசாரி இறங்கிவிட்டார். ஆன்ட்டி இறங்கவில்லை. சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தபடி நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. கையை நீட்டினார்.

"தோ, அந்த நீலக் கதவு போட்ட வூடு கீது பாரு. அங்கதான் எங்க வூடு. பக்கத்துல நாயுடு வூடு. அதுக்கு அப்பால மூட்லி கடை. கடைக்கு எதுத்தாப்புல குழாயடி."

கீழே மத்தளம் தானாக நின்றது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் கழுத்தை உயர்த்திக் கத்தினார். "ருக்கு! நாய்க்கர் வூடு? எங்க வூடு எங்க?"

"அந்த மாமரம் தெரிதா? அதுக்குக் கீழ. நீங்க வெச்ச மரந்தான். நிக்குது!"

கிழவர் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஒரு அம்மாள், "பிள்ளை வூடு?" என்றார். இன்னொருவர், "செட்டி வூடு?" என்றார். ஆன்ட்டி மேலே நின்று ஒவ்வொரு வீடாகக் கை காட்டினார். புல்டோசர் வந்த பிறகு எந்த வரைபடத்திலும் இல்லாத தெரு, கீழே குடிசைகளுக்கும் தொட்டிகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே வீடு வீடாக எழுந்து வந்தது. சன்னி என் பக்கத்தில் நின்று, தமிழ் புரியாமலே, அந்தக் கை போகிற திசையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லைத் தன் பெயரோடு சேர்த்து, "கோவெண்டர்! கோவெண்டர் வூடு?" என்று திடீரென்று கூவினார்.

"தோ, அந்தத் தண்ணித் தொட்டியாண்ட!"

நீலக் கதவு வீட்டுப் பெண் கூட்டத்தில்தான் இருந்தாள். இடுப்பில் குழந்தை. எல்லாரும் தன் வீட்டைப் பார்ப்பது ஏன் என்று தெரியாமல் திகைத்து நின்றவளிடம் நிலா போய்ச் சூலுவில் ஏதோ சொன்னாள். அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேலே ஆன்ட்டியைப் பார்த்துக் கையை உயர்த்தி, உரக்க ஏதோ சொன்னாள்.

நிலா சாரத்தின் அடியில் ஓடிவந்து, இருந்த சொற்களை எல்லாம் கூட்டித் தமிழில் கத்தினாள். "ஆன்ட்டி! அந்த அக்கா... வா சொல்றாங்க. உங்க வூடு... வந்து டீ சாப்பிடு சொல்றாங்க!"

ஆன்ட்டி கீழே குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். நீலக் கதவைப் பார்த்தார்.

"வரேன்னு சொல்லு" என்றார். "இந்தத் தெருவ முடிச்சிட்டு வரேன்."